ஜப்பானிய–ஆங்கில அகராதியை எப்படித் தேர்ந்தெடுப்பது: டெல்டாவில் படிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் இன்று ஜப்பானியம் படிப்பவர்கள் பல ரகம். நர்சிங் முடித்துவிட்டு ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக நினைப்பவர் ஒருவர். விவசாய டிப்ளமாவோ ஐடிஐயோ முடித்தவர் இன்னொருவர். அனிமே பார்த்துப் பார்த்து ஆசை வந்தவர் மற்றொருவர். ஜப்பான் 2019 ஏப்ரலில் ‘குறிப்பிட்ட திறன் தொழிலாளர்’ விசாவைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த விசாவுக்குப் பொதுவாக ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் என்4 நிலை (என்5 தொடக்கம், என்1 உச்சம்) அல்லது ஜேஎஃப்டி-பேசிக் என்ற அடிப்படை மொழித்தேர்வில் தேர்ச்சி வேண்டும். பராமரிப்பு வேலைக்கு அதற்கென்று தனி மொழித்தேர்வும் உண்டு.

எந்த ரகமாக இருந்தாலும் முதல் வாரமே வரும் கேள்வி, “எந்த டிக்‌ஷனரி வாங்கலாம்?” வரும் பதில், “ஏதாவது ஒரு ஆப் போட்டுக்கோ.” இந்தப் பதில் பாதி சரி. ஆப் போதும். ஆனால் ‘ஏதாவது ஒன்று’ போதாது. தமிழ் வழியாக யோசிக்கிறவர் ஜப்பானியச் சொல்லை ஆங்கிலம் வழியாகத் தேடுகிறார். நடுவில் நிற்கும் ஆங்கிலத்தில் எது தொலைகிறது, தொலைந்ததை அகராதி எப்படி ஈடுகட்டுகிறது என்பதுதான் தேர்வின் சாரம். அட்டையில் அச்சடித்திருக்கும் சொல் எண்ணிக்கைக்கு இதில் பெரிய வேலை இல்லை.

படி 1: யாருக்காக எழுதப்பட்ட அகராதி என்று பாருங்கள்

ஜப்பானில் அச்சாகும் ஜப்பானிய–ஆங்கில அகராதிகளில் பெரும்பாலானவை ஜப்பானியர்களுக்காக எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் கடிதமோ கட்டுரையோ எழுத வேண்டிய ஜப்பானியருக்குத் தன் மொழிச் சொல்லை எப்படி வாசிப்பது, அது என்ன வகை வினை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் அந்த விவரங்கள் அங்கே இருக்காது. சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துகளுக்கு மேலே வாசிப்பைச் சின்னதாகக் காட்டும் ஃபுரிகனாவும் இருக்காது.

கென்க்யூஷா நிறுவனத்தின் பெரிய ஜப்பானிய–ஆங்கில அகராதி இந்த வகையின் உச்சம். முதல் பதிப்பு 1918, ஐந்தாம் பதிப்பு 2003. மொழிபெயர்ப்பாளர்கள் கும்பிடும் நூல். அதில் 4,80,000 பதிவுகள் என்பார்கள். அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் தலைச்சொற்கள் சுமார் 1,30,000, கூட்டுச்சொற்கள் ஒரு லட்சம், மீதி இரண்டரை லட்சமும் எடுத்துக்காட்டுத் தொடர்கள். அகராதிகளின் எண்ணிக்கைப் பெருமையெல்லாம் இப்படித்தான் கூட்டப்படுகிறது. என்5 படிப்பவர் அதை வாங்கினால் அலமாரிக்குத்தான் அழகு.

காசியோ, ஷார்ப் நிறுவனங்களின் கையடக்க மின் அகராதிகளுக்கும் இதே கதைதான். ஜப்பானிலிருந்து வரும் சொந்தக்காரர் ஆசையாக வாங்கிவந்து தருவார். உள்ளே நல்ல அகராதிகள் பல இருக்கும். ஆனால் மெனு முழுக்க ஜப்பானியம், எடுத்துக்காட்டுகளில் ஃபுரிகனா குறைவு. என்2 தாண்டியவருக்கு அது வரம், தொடக்கநிலையில் இருப்பவருக்குப் பாரம்.

நமக்கு வேண்டியது ஜப்பானியம் கற்கும் வெளிநாட்டவருக்காகச் செய்யப்பட்ட அகராதி. அச்சில் என்றால் 1999இல் வந்த கோடன்ஷாவின் ஃபுரிகனா அகராதி நல்ல உதாரணம். இரண்டு திசையும் ஒரே நூலில், எல்லாக் கன்ஜிக்கும் வாசிப்போடு.

படி 2: எந்த எழுத்தில் தேட வைக்கிறது?

ரோமன் எழுத்தில் மட்டும் ஜப்பானியத்தைத் தரும் அகராதியை ஒதுக்கிவிடுங்கள். மலிவாகக் கிடைக்கும் பயணக் கையேடுகள் பலவும் அப்படித்தான். நெடில் குறிலைச் சரியாகக் காட்டாமல் விட்டுவிட்டால் அத்தை வயதுப் பெண்ணும் (ஒபசன்) பாட்டியும் (ஒபாசன்) ஒன்றாகிவிடுவார்கள். யாரைப் பாட்டி என்று கூப்பிட்டோம் என்பது நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ‘புகைபிடிக்கக் கூடாது’ என்ற கின்-என், ‘நினைவு’ என்ற கினென் இரண்டும் ரோமன் எழுத்தில் ஒரு மேற்குறி விடுபட்டால் ஒன்றே.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பு தரும் புத்தகங்கள் இன்னும் ஆபத்து. குறில் நெடில் விஷயத்தில் தமிழ் ரோமனைவிட நேர்மையானது என்பது உண்மை. ஆனால் ககர, தகர ஒலிகளில் கவிழ்த்துவிடும். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் தமிழில் ‘கின்’ என்றுதான் எழுத முடியும். ஜப்பானியத்தில் ஒன்று வல்லொலி, மற்றது ‘கோவிந்தன்’ என்பதில் வரும் மெல்லிய ககரம். வானிலைக்கும் மின்சாரத்துக்கும் இரண்டுக்குமே ‘தென்கி’. (இந்தக் கட்டுரையிலும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். சொல்லை அடையாளம் காட்ட மட்டும்தான்; உச்சரிப்பை இதிலிருந்து எடுக்காதீர்கள்.)

ஆக, ஒலியைக் காட்டும் கனா எழுத்துகளான ஹிரகனா, கதகனா இரண்டையும் முடித்துவிட்டு அகராதிக்கு வாருங்கள். முடித்தபின் ஒரு சௌகரியம் காத்திருக்கிறது. ஜப்பானிய அகராதியின் வரிசை அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத் துறவிகள் வழியே போன சமஸ்கிருத ஒலியியல் ஜப்பானில் இந்த வரிசைக்கு அடிப்படையானது. ஹகரம் நிற்கும் இடத்தில் பழைய காலத்தில் பகரம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாம் ஒன்றாம் வகுப்பில் படித்த அரிச்சுவடி வரிசை அப்படியே வருகிறது. மெல்லிய ககரம் வல்லின ககரத்தின் வரிசையிலேயே வரும், தகரமும் அப்படியே. இரண்டு ‘தென்கி’யும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆங்கிலேய மாணவர் மாதக்கணக்கில் தடுமாறும் இந்த வரிசை நமக்கு ஒரு மாலையில் பழகிவிடும். அச்சு அகராதியைப் பயமில்லாமல் யோசிக்க இது ஒரு காரணம்.

படி 3: ஃபோனா, புத்தகமா?

ஃபோன். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இணையம் இல்லாமலும் ஓடும் ஆப்பாக இருக்க வேண்டும். நீடாமங்கலம் தாண்டி பஸ் உள்ளூர்ச் சாலையில் திரும்பியதும் சிக்னல் போய்விடும் பகுதிகள் இருக்கின்றன. படிக்க நேரம் கிடைப்பதும் அந்த பஸ்ஸில்தான். ஆண்ட்ராய்டில் தகோபோதோ, அகெபி. ஐஃபோனில் ஷிரபே ஜிஷோ, இமிவா. இவை இணையமில்லாமல் ஓடும். கணினியில் வீட்டு இணையம் இருந்தால் ஜிஷோ இணையதளம் வசதி. உலாவியில் யோமிதான் நீட்சியைப் போட்டுக்கொண்டால், படிக்கும் பக்கத்தில் சொல்லின் மேல் சுட்டியை வைத்தாலே பொருள் வரும்.

இவற்றில் எது சிறந்தது என்று சண்டை போடுவதில் பயனில்லை. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே தரவு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜிம் பிரீன் 1991இல் தொடங்கிய எடிக்ட் என்ற கோப்பு, பின்னால் ஜேஎம்டிக்ட் ஆக வளர்ந்தது. இரண்டு லட்சத்தை ஒட்டிய பதிவுகள், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், தன்னார்வலர்கள் இன்றும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே ‘எங்கள் ஆப்பில் இத்தனை லட்சம் சொற்கள்’ என்று காசு கேட்டால், முதலில் அந்த ஆப்பின் ‘எங்களைப் பற்றி’ பகுதியைத் திறந்து தரவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜேஎம்டிக்ட் என்றிருந்தால் நீங்கள் காசு கொடுப்பது தோற்றத்துக்கும் வசதிக்கும். அது தவறில்லை, தெரிந்து கொடுங்கள்.

அப்புறம் ஏன் புத்தகம்? 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. டிசம்பரில் ஜேஎல்பிடி. அப்படி ஒரு நவம்பர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். சின்னதாக ஒரு அச்சு அகராதி வீட்டில் இருப்பது அதற்காகவே நல்லது. பழைய புத்தகமாகக் கிடைத்தாலும் சரி, ஆனால் பதிப்பாண்டைப் பாருங்கள். ஸ்மார்ட்ஃபோனுக்கான ‘சுமஹொ’வோ, 2019 மே 1 முதல் நடக்கும் ‘ரெய்வா’ என்ற பேரரசர் ஆட்சிக்காலப் பெயரோ அதில் இருக்காது. அன்றாட வினைச்சொற்கள் மாறிவிடவில்லை, அதற்கு அது போதும்.

படி 4: உங்கள் ஊர்ச் சொற்களை வைத்துச் சோதியுங்கள்

இதுதான் முக்கியமான படி. அகராதியை மதிப்புரை படித்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு உலகத்தை எடுத்து, அதில் அந்த அகராதி எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். டெல்டாக்காரருக்கு அந்த உலகம் வயலாகத்தான் இருக்கும், ஜப்பானியரும் நெல் விளைவிக்கிறவர்களே.

ஆங்கிலப் பக்கத்தில் ‘ரைஸ்’ என்று தேடுங்கள். ஜப்பானியத்தில் வயலில் நிற்கும் பயிர் இனெ, உமி நீக்காத நெல்மணி மொமி, அரிசி கொமெ, சோறு கொஹன். மேற்கத்தியச் சாப்பாட்டுக் கடையில் தட்டில் வந்தால் அதே சோறு ரைசு. மோசமான அகராதி இந்த ஐந்தையும் காற்புள்ளி போட்டு வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகும். நடுத்தரமானது ‘சமைத்தது’, ‘சமைக்காதது’ என்று குறிப்புத் தரும். நல்லது ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியமும் கொடுக்கும். நமக்கு நெல், அரிசி, சோறு என்று மூன்றும் வேறு வேறு என்பதால் குறிப்பைப் பார்த்த நொடியில் பிடிபட்டுவிடும்; குறிப்பே இல்லாவிட்டால் ‘கொமெ சாப்பிட்டேன்’ என்று போய் நிற்போம்.

அடுத்து ஜப்பானியப் பக்கத்திலிருந்து: நவஷிரொ (நாற்றங்கால்), அஜெ (வரப்பு), இனெகரி (நெல் அறுவடை), வர (வைக்கோல்), நுக (தவிடு). ஐந்தும் இருந்தால் அகராதி அளவில் தேறிவிட்டது. விவசாய வேலைக்குப் போகிறவருக்கு இது வெறும் சோதனை இல்லை, அவை அன்றாடம் கேட்கப்போகும் சொற்களே. பராமரிப்பு வேலைக்குப் போகிறவர் இந்த இடத்தில் உடம்பு, படுக்கை, குளியல், மருந்து சம்பந்தமான சொற்களை வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சோதனை, ஆங்கிலப் பக்கத்தில் ‘வேர்’, அதாவது உடுத்துவது. சட்டைக்குக் கிரு, பேன்ட்டுக்கும் செருப்புக்கும் ஹகு, தொப்பிக்குக் கபுரு, கண்ணாடிக்குக் ககெரு. எதை எதற்கு என்று பிரித்துச் சொல்லாத அகராதியில் ஆங்கிலம்–ஜப்பானியம் பக்கத்தை நம்ப வேண்டாம்.

படி 5: ஒரு பதிவுக்குள் என்னென்ன இருக்க வேண்டும்

மேலே சொன்ன ‘கிரு’வையே ஜப்பானியப் பக்கத்தில் தேடுங்கள். இரண்டு கிரு வரும். உடுத்துவது ஒன்று, வெட்டுவது ஒன்று. முதலாவது எச்சமாகும்போது ‘கிதெ’, இரண்டாவது ‘கித்தெ’. காரணம், இரண்டும் வேறு வேறு வினைக்குழு: ஒன்று இசிதன், மற்றது கொதன். இந்தக் குழு அடையாளம் ஒவ்வொரு வினைச்சொல்லின் பக்கத்திலும் இருந்தே ஆக வேண்டும். இல்லாத அகராதியை மூடிவிடலாம். தலைகீழாக மனப்பாடம் செய்தாலும் அந்தச் சொல்லை வாக்கியத்தில் போட முடியாது.

அடுத்த அடையாளம் தன்வினையா பிறவினையா என்பது. ஜிதொஷி, ததொஷி என்பார்கள். மவரு, மவசு இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘டர்ன்’ என்றே போட்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் சின்னக் குறியீடுதான் ஒன்று ‘சுழல்’, மற்றது ‘சுழற்று’ என்று சொல்லும். பள்ளியில் திரும்பு–திருப்பு, ஓடு–ஓட்டு என்று படித்த இலக்கணம் இங்கே உதவிக்கு வரும். ஆங்கில விளக்கத்தைத் தாண்டி அந்தக் குறியீட்டைப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டும்.

மரியாதைக் குறிப்பு மூன்றாவது. ‘யூ’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும் ‘ஒமஎ’, ‘கிசம’ போன்றவை அனிமேயில் தாராளமாக வரும். நீ, நீங்கள் வித்தியாசம் அறிந்த நமக்கு ‘கொச்சை’, ‘இழிவாக’ என்ற ஒரு குறிப்பு கிடைத்தால் போதும், வேலையிடத்தில் வாயை மூடிக்கொள்வோம். ஜேஎம்டிக்ட் இந்தக் குறிப்புகளைத் தருகிறது. சில ஆப்கள் இடம் மிச்சப்படுத்த அவற்றை மறைத்து வைக்கின்றன. அமைப்புகளில் போய்த் திறந்துவிடுங்கள்.

நான்காவது துணைவினை. இது தமிழருக்கு விருந்து. ‘மிரு’ என்றால் பார். சாப்பிட்டுப் பார் என்பதற்கு ‘தபெதெ மிரு’. ‘ஒகு’ என்றால் வை. வாங்கி வை என்பதற்கு ‘கத்தெ ஒகு’. சாப்பிட்டுவிடு என்பதற்குத் ‘தபெதெ ஷிமவு’. ஆங்கில விளக்கத்தில் இவை நீட்டி முழக்கி, படிக்கக் கஷ்டமாக இருக்கும். பதிவின் ஐந்தாவது, ஆறாவது பொருளாக ‘துணைவினை’ என்ற குறியோடு கீழே கிடக்கும். அதுவரை இறங்கிப் படியுங்கள். கைப்புத்தகங்களில் அந்தக் கீழ்ப் பொருள்களே இருக்காது. இந்த விஷயத்துக்குச் சொல் அகராதியைவிட இலக்கண அகராதி மேல்: மகினோ செய்இசி, த்சுத்சுய் மிசியோ இருவரும் எழுதி ஜப்பான் டைம்ஸ் 1986இல் வெளியிட்ட அடிப்படை ஜப்பானிய இலக்கண அகராதி. ஒரே ஒரு அச்சுப் புத்தகத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன், சொல் அகராதியை அல்ல.

(தமிழும் ஜப்பானியமும் சொந்தம் என்று ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு சொன்னாரே என்று இந்த இடத்தில் கேட்பார்கள். அவர் 1974இல் வந்த இவனமி பழஞ்சொல் அகராதியின் தொகுப்பாளர்களில் ஒருவர், சாதாரண ஆள் இல்லை. ஆனால் அந்த உறவை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. சொந்தம் இருக்கிறதோ இல்லையோ, வாக்கிய அமைப்பு கைகொடுக்கிறது. அகராதி பார்க்க அது போதும்.)

படி 6: எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எங்கிருந்து வந்தவை?

நண்பரைச் சந்தித்தேன் என்பதில் நமக்கு ‘ஐ’ உருபு. ஜப்பானியத்தில் ‘தொமொதசி நி அவு’, அங்கே ‘நி’. தமிழை நம்பி, ‘ஐ’க்கு ஈடான ‘ஒ’ போட்டால் தப்பு. பஸ்ஸில் ஏறுவதற்கும் ‘நி’தான். எந்த வினைக்கு எந்த உருபு என்பதை ஒற்றைச் சொல் விளக்கம் ஒருநாளும் சொல்லாது, வாக்கியம்தான் சொல்லும். அடிப்படை வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியமாவது இல்லாத அகராதி வேண்டாம்.

வாக்கியம் இருந்தால் மட்டும் போதாது. இலவச ஆப்களில் வருபவை பெரும்பாலும் ததோஎபா என்ற இலவச வாக்கியத் தொகுப்பிலிருந்து வருபவை. அதன் ஜப்பானிய–ஆங்கிலப் பகுதியில் பெரும் பங்கு, ஹ்யோகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தனகா யசுஹிதோ தன் மாணவர்களை வைத்துத் திரட்டியது. தொடக்கத்தில் பிழைகள் நிறைய. பலவற்றைத் திருத்திவிட்டார்கள், எல்லாவற்றையும் அல்ல. ஆங்கிலப் பாடப்புத்தக வாக்கியத்தை ஜப்பானியமாக்கிய வாடை சிலவற்றில் இன்னும் அடிக்கும். உருபைச் சரிபார்க்க அவை போதும். அப்படியே மனப்பாடம் செய்து பேசுவதற்கு வகுப்புப் பாடப்புத்தகத்தின் வாக்கியங்களே பாதுகாப்பு.

படி 7: வாசிக்கத் தெரியாத கன்ஜியை எப்படிப் பிடிப்பது

ஆப்பில் விரலால் எழுதித் தேடலாம். எழுத்து முறை வரிசைப்படி கோடு போட்டால் கண்டுபிடிப்பது எளிது. கோலம் போடுவதுபோல் எங்கிருந்தும் தொடங்கினால் சில ஆப்கள் திணறும். எழுத்தின் உறுப்புகளைத் தொட்டுத் தேடும் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவைக் காட்டி வாசிக்கவைப்பது மருந்துச் சீட்டுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் சரி.

அச்சில் கன்ஜி அகராதி என்4 வரை தேவையே இல்லை. அதற்கு மேல் போகிறவர் ஜாக் ஹால்பர்ன் தொகுத்த கோடன்ஷா கன்ஜி அகராதியைப் பார்க்கலாம். 2013 திருத்தப் பதிப்பில் 3,002 எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு 2010இல் வரையறுத்த 2,136ஐத் தாண்டியே இருக்கிறது. பழைய 214 உறுப்பு முறையை மனப்பாடம் செய்யாமல், எழுத்து இடம்–வலமாகப் பிரிகிறதா, மேல்–கீழாகவா, சூழ்ந்து நிற்கிறதா, பிரியாததா என்று பார்த்துக் கோடுகளை எண்ணியே தேடலாம். 1962இல் வந்த நெல்சன் அகராதி பழைய கடைகளில் மலிவாகக் கிடைத்தால், கன்ஜி மோகம் உள்ளவர்கள் மட்டும் எடுங்கள்.

ஒலியிறக்கம் பற்றி ஒரு வார்த்தை. மழையும் மிட்டாயும் இரண்டுமே ‘அமெ’. சுருதி எங்கே இறங்குகிறது என்பதுதான் வித்தியாசம். சாதாரண அகராதிகள் பலவற்றில் இது இருக்காது. டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஓஜாட் இணையதளத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 8: சரி, யாருக்கு எது?

என்5, என்4 நோக்கிப் படிப்பவருக்கு: இணையமில்லாமல் ஓடும் இலவச ஆப் ஒன்று, மேலே சொன்ன இலக்கண அகராதி, வேறெதுவும் வேண்டாம். ஆப்பிலிருந்து சொல்லை அன்கி என்ற நினைவட்டை ஆப்புக்கு அனுப்ப முடிந்தால் திரும்பப் படிக்க வசதி. தேர்வு அறைக்குள் ஃபோனுக்கும் அகராதிக்கும் இடமில்லை என்பதால், தேடிய சொல்லை எங்காவது சேர்த்துவைப்பது தேடுவதைவிட முக்கியம். மொழிபெயர்ப்பு ஆப்பை அகராதியாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு பதிலைத் தரும். வினைக்குழுவோ மரியாதைக் குறிப்போ தராது.

வேலைக்குப் போகிறவருக்கு: இதோடு உங்கள் துறைச் சொற்களை நீங்களே ஒரு நோட்டில் தமிழ் விளக்கத்தோடு எழுதிக்கொள்ளுங்கள், ஜப்பானியச் சொல்லைக் கனாவில். ஆங்கிலத்தை விட்டுவிடலாம். நாற்றங்கால் என்று எழுதினால் உங்களுக்குப் படம் வந்துவிடுகிறது, ‘ரைஸ் நர்சரி’ எதற்கு?

என்3 தாண்டுகிறவர் ஜப்பானிய–ஜப்பானிய அகராதிப் பக்கம் மெல்ல நகர வேண்டும். கோஜியென் போன்ற பெரியவற்றில் (2018இன் ஏழாம் பதிப்பில் சுமார் 2,50,000 பதிவுகள்) போய் விழ வேண்டாம். ஜப்பானியத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான அகராதியில் விளக்கம் எளிது, எல்லாக் கன்ஜிக்கும் ஃபுரிகனா இருக்கும் பதிப்புகள் உண்டு. இணையத்தில் கொதொபாங்க் தளத்தில் தைஜிசென் அகராதி இலவசம். முதலில் ஜப்பானிய விளக்கத்தைப் படியுங்கள், புரியாவிட்டால் ஆங்கிலத்துக்குப் போங்கள்.

ஆங்கில ஆப்பை அதற்காக அழித்துவிட வேண்டாம். செடி, மீன், நோய்ப் பெயர்களுக்கு அதுவே வேகம். ‘சவர’ என்ற மீனைப் பற்றி ஜப்பானியத்தில் நாலு வரி படித்தாலும் எந்த மீன் என்று தெரியாது. ஜேஎம்டிக்ட் பல மீன்களுக்கு அறிவியல் பெயரும் தருகிறது. அதில் ஸ்கோம்பெரோமோரஸ் என்று பார்த்ததும் அதைத் தேடிப் பாருங்கள்: நாகப்பட்டினம் கரையில் விற்கும் வஞ்சிரமும் அதே பேரினம்.